அப்பாவின் 1979 சட்டையும் இந்த வருஷத்துப் பேண்டும் சேருமா?

கேள்வி, மார்ச் 2

பரணைச் சுத்தம் செய்யும்போது அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே 1979, 80 வாக்கில் தைத்த சட்டைகள், பெல்பாட்டம், ஒரு சஃபாரி. எதிலும் கிழிசல் இல்லை. விண்டேஜ்தான் இப்போது டிரெண்ட் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று சட்டையையும் பெல்பாட்டத்தையும் மாட்டிக்கொண்டு கல்லூரி விழாவுக்குப் போனேன். "எந்த நாடகத்தில் நடிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டார்கள். பழைய உடையை இப்போதைய உடையோடு கலந்து போட ஏதாவது கணக்கு இருக்கிறதா அண்ணா, இல்லை இதெல்லாம் இன்ஸ்டாகிராமில் பார்க்க மட்டும்தானா?

மார்ச் 2, இரவு

கணக்கு இருக்கிறது தம்பி. கட்டிங் பழசு என்றால் துணி புதுசாக இருக்கட்டும். துணி பழசு என்றால் கட்டிங் புதுசாக இருக்கட்டும். ரெண்டும் பழசு என்றால் மாறுவேடப் போட்டிதான். உங்கள் நண்பர்கள் கேட்டதில் தப்பே இல்லை.

எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டுக்காரன் அனுப்பும் அளவு அட்டவணையைப் பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். ஒரு உடையின் வயசைக் காட்டிக்கொடுப்பவை நாலைந்து அளவுகள்தான்: காலர் முனை எவ்வளவு நீளம், தோள் தையல் எங்கே விழுகிறது, பேண்ட் இடுப்பில் எந்த உயரத்தில் நிற்கிறது, பாட்டம், அதாவது கால் முனையின் சுற்றளவு, எத்தனை இஞ்ச். நிறமெல்லாம் அப்புறம். 1979 சட்டையில் காலர் முனை நாலு இஞ்சைத் தொடும். இன்றைய ரெடிமேட் சட்டையில் இரண்டே முக்கால் இருந்தால் அதிகம். பெல்பாட்டத்தில் 24 இஞ்ச் பாட்டம் சர்வ சாதாரணம். இதெல்லாம் ஒரே ஆள்மேல் ஒரே நேரத்தில் பழைய அளவிலேயே இருந்தால், பார்க்கிறவன் முதலில் வருஷத்தைப் பார்ப்பான், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பான்.

அதனால் ஒன்றை மட்டும் பழசாக விடுங்கள். அந்தச் சட்டையைப் பொத்தான் போடாமல் திறந்துவிட்டு, உள்ளே வெள்ளை டி-ஷர்ட், கீழே நேர்க்கால் ஜீன்ஸ். காலர் நீளமாக விரிந்து கிடக்கட்டும், அதற்காகத்தானே அதை எடுத்தீர்கள். பெல்பாட்டம் இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். கிருதா வளர்க்கும் யோசனை ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டுங்கள்.

மார்ச் 3

முக்கியமானது ஒன்று. பெட்டியைத் திறந்த உற்சாகத்தில் எதையும் ஆல்டர் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சட்டையை அளவுச் சட்டையாக மட்டும் கொடுங்கள். "இதே காலர், ஆனால் முனை மூணே கால் இஞ்ச் போதும். உள்ளே கெட்டிக் கேன்வாஸ் வேண்டாம், மெல்லிசாக வையுங்கள்" என்று சொல்லிப் புதுக் காட்டன் துணியில் தைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் காலர் அட்டை மாதிரி நிற்கும். அதே வடிவம் மெல்லிய துணியில் தளர்ந்து விழுந்தால் இன்றைய சட்டையாகிவிடும்.

தையல்காரர் பழைய சட்டையைப் பார்த்ததும் சிரிப்பார். அவருக்கு ஐம்பது வயசுக்கு மேல் என்றால் சிரித்துவிட்டுத் தோள் தையலைப் புரட்டிப் பார்ப்பார். அப்படிப் புரட்டிப் பார்க்கிறவரிடம் கொடுங்கள்.

மார்ச் 9

"வெளிநாட்டில் விண்டேஜ் கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது, நம் ஊரில் ஏன் இல்லை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நம் ஊர் விண்டேஜ் எல்லாம் எவர்சில்வர் பாத்திரமாக மாறிவிட்டது சார்.

தெருவில் கூடையோடு வருவார்களே, பழைய துணிக்குப் பாத்திரம் என்று. எங்கள் வீட்டில் அப்பாவின் கல்யாணக் கோட்டு ஒரு டிபன் கேரியராக ஆனது. பேரம் நடந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த அம்மா கோட்டைத் தூக்கி வெயிலில் பிடித்து, முழங்கையிலும் அக்குளிலும் துணி நைந்திருக்கிறதா என்று விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "மூணு அடுக்குக்கு வராதுக்கா, ரெண்டு அடுக்குதான்" என்றார். அம்மா கூட ஒரு பேண்டை வைத்து மூணாவது அடுக்கை வாங்கிவிட்டார். அந்தக் கேரியர் இன்னும் இருக்கிறது. கோட்டு எங்கே போயிற்றோ.

காட்டன் துணி அந்தக் கூடை வரைக்கும்கூட வராது. வேட்டி பழசானால் தூளி, தூளி நைந்தால் அடுப்படிக் கரித்துணி, அப்புறம் சைக்கிள் துடைக்க. ஆக நம் பரண்களில் இன்றைக்கு மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் டெரிலின் என்ற பாலியெஸ்டரும், அதில் பருத்தி கலந்த டெரிகாட்டனும்தான். பூச்சி அரிக்காது, நையாது, கரித்துணிக்குக்கூட ஆகாது, தண்ணீரை உறிஞ்சாதே. அப்பாவின் சட்டை பத்திரமாக இருந்ததற்குப் பாசம் மட்டும் காரணமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அண்ணன் போட்டு முடித்த சட்டையைப் போட்டு வளர்ந்தவனுக்கு, அடுத்தவர் போட்ட துணியைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னால் எரிச்சல்தான் வரும். தீபாவளிக்கு மஞ்சள் வைத்த புதுச் சட்டைக்காக வருஷம் பூராவும் காத்திருந்த வீடுகளில் பழசுக்கு மதிப்பு வர இன்னும் ஒரு தலைமுறை ஆகும்.

மார்ச் 10

பாத்திரத்தைக் கொடுத்துக் கோட்டைத் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்ட சேலத்துக்காரருக்கு: முடியாது.

மார்ச் 23

பேண்ட் பற்றி நிறையக் கேள்விகள். ஒரே குறிப்பில் முடிக்கப் பார்க்கிறேன்.

2000களின் தொடக்கத்தில் டியோர் ஓம் என்ற பிரெஞ்சு ஆண்கள் உடை நிறுவனத்தில் ஹெடி ஸ்லிமான் என்ற வடிவமைப்பாளர் ஒல்லி உடைகளை மேடையேற்றினார். அது மெல்ல மெல்ல இறங்கி நம் பஸ் ஸ்டாண்ட் ரெடிமேட் கடை வரை வந்து, பென்சில் பேண்ட் என்று பெயர் வாங்கியது. இடுப்பெலும்புக்குக் கீழே தொங்கும், குனிந்தால் ஜட்டி தெரியும், கணுக்காலில் இறுக்கும். ஒரு தலைமுறைப் பையன்கள் பேண்ட் என்றால் அதுதான் என்று நினைத்தே வளர்ந்தார்கள். இப்போது காற்று மாறிவிட்டது. அகலக் கால், உயர இடுப்பு, முன்னால் பிளீட் என்ற மடிப்பு. 80களில் பேரலல் பேண்ட் என்று தைத்தார்களே, முட்டியும் பாட்டமும் ஏறக்குறைய ஒரே அகலத்தில், கிட்டத்தட்ட அதைத்தான் இன்று 'ஸ்ட்ரெயிட்', 'ரிலாக்ஸ்டு' என்று புதுப் பெயர் போட்டு விற்கிறார்கள். 60களிலும் இறுக்கமான குழாய்ப் பேண்ட்தான், அதற்குப் பிறகுதான் பெல்பாட்டம் வந்தது. இறுக்கமும் தளர்வும் மாறி மாறித்தான் வரும்.

பழைய பேண்டிலிருந்து நாம் எடுக்க வேண்டிய முதல் சமாச்சாரம் இடுப்பு உயரம். பாட்டம் அகலத்தைவிட இதுதான் முக்கியம். பேண்ட் தொப்புளுக்குச் சற்றுக் கீழே நின்றால் கால் நீளமாகத் தெரியும், சட்டையை உள்ளே விட்டால் கையைத் தூக்கும்போது வெளியே வராது. தொப்பை இருப்பவர்களுக்கும் இதுவே நல்லது. தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டினால் தொப்பைக்கு ஒரு மேடை போட்டுக் கொடுத்த மாதிரி.

தைக்கக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தையல்காரர் டேப்பை நீங்கள் அன்றைக்குப் போட்டிருக்கும் பேண்டின் பெல்ட் மேலேயே வைத்து அளவெடுப்பார். அங்கே எடுத்தால் மறுபடியும் அதே தாழ்ந்த பேண்ட்தான் வரும். அவர் கையைப் பிடித்து டேப்பை மேலே ஏற்றுங்கள். இடுப்பிலிருந்து கவட்டை வரைக்குமான நீளத்தையும் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். 58 இஞ்ச் அகலத் துணியில் சாதாரணப் பேண்டுக்கு 1.20 மீட்டர் வாங்குவோம். உயர இடுப்பு, பிளீட், அகலக் கால் என்றால் 1.40 வாங்கிவிடுங்கள். மிச்சமானால் போகட்டும், பற்றாமல் போனால் தையல்காரர் சொல்லாமலே பிளீட்டைச் சின்னதாக்கிவிடுவார்.

மேலே என்ன போடுவது? தோள் தையல் கைப்பக்கம் இறங்கி விழும் டிராப் ஷோல்டர் டி-ஷர்ட். 240 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கனத்துணியில் தைத்ததாக இருந்தால் உள்ளே விட்டாலும் நிற்கும், வெளியே விட்டாலும் விழும். 180 ஜிஎஸ்எம் டி-ஷர்ட்டைப் பிளீட் பேண்டுக்குள் விட்டால் பனியன் போட்டுக்கொண்டு பாதியில் வெளியே வந்தவர்போல இருக்கும்.

மார்ச் 24

கோவையிலிருந்து ஒரு நண்பர்: "நான் ஐந்தடி மூணு அங்குலம். நீங்கள் சொன்னபடி போட்டுப் பார்த்தேன், பாவாடை மாதிரி இருக்கிறது."

பாட்டம் எத்தனை என்று கேட்டேன். 22 என்கிறார். ஐயா, அது ஆறடிக்காரனுக்கு. நீங்கள் 17, மிஞ்சினால் 18 இஞ்சில் நிறுத்துங்கள், நீளத்தை ஷூவின் மேல் ஒரே ஒரு மடிப்பு விழும்படி வையுங்கள். பிளீட் ஒன்று போதும், இரண்டு வேண்டாம். நேற்று எழுதியதில் குள்ளமானவர்களுக்கு என்று தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்கலாம். இடுப்பு உயரம் எல்லோருக்கும் பொது, பாட்டம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஏப்ரல் 4

"துணி பழசு, கட்டிங் புதுசு" என்றதற்கு உதாரணம் கேட்டு நச்சரிக்கிறார்கள். மெட்ராஸ் செக்.

நம் ஊர்க் கைத்தறிக் கட்டம் போட்ட துணிக்கு உலகத்தில் இருக்கிற மரியாதை நமக்கே தெரியாது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இதை 'இஞ்சிரி' என்கிறார்கள். பிறப்பிலிருந்து சாவு வரைக்கும் அவர்களுடைய சடங்குகளில் இந்தத் துணிக்கு இடம் உண்டு. சில நூல்களை மட்டும் கவனமாக அறுத்து உருவி, நம் கட்டத்தின் மேலேயே தங்கள் டிசைனைக் கொண்டுவருகிறார்கள். அமெரிக்காவில் இதே துணி பணக்காரக் கல்லூரிப் பையன்களின் ஐவி ஸ்டைலில் போய் உட்கார்ந்தது.

1958 சமாச்சாரம் சுவாரசியமானது. ஜேக்கப்சன் என்ற நியூயார்க் துணி இறக்குமதியாளர் மெட்ராஸுக்கு வந்து, பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கஜம் ஒரு டாலர் என்று 10,000 கஜம் வாங்கினார். சாயம் இறங்கும், குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று சொல்லித்தான் நாயர் விற்றார். அந்த எச்சரிக்கை, இந்தத் துணியில் தைத்த உடைகளை அமெரிக்காவில் விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வாஷிங் மெஷினில் போட்டார்கள், எல்லாத் துணியிலும் சாயம் ஏறிவிட்டது. வழக்கு வரைக்கும் போக வேண்டியது. கடைசியில் அதையே விளம்பரமாக்கினார்கள்: சாயம் போகும் என்று உத்தரவாதம்! ஒவ்வொரு சலவைக்கும் நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்து மங்கிப் புதுசாகத் தெரிவதுதான் இதன் சிறப்பு என்று விற்றார்கள். வெள்ளைக்காரப் பையன்கள் சட்டை எவ்வளவு வெளுத்திருக்கிறதோ அவ்வளவு பெருமை என்று திரிந்தார்கள். நாம் "சாயம் போகிற துணி" என்று கடைக்காரர் முகத்தில் விட்டெறிந்திருப்போம்.

வாங்கும்போது துணியைப் புரட்டிப் பாருங்கள். சாயம் ஏற்றிய நூலில் நெய்தது என்றால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். உள்பக்கம் வெளுத்திருந்தால் கட்டத்தை அச்சடித்திருக்கிறார்கள், வைத்துவிட்டு வாருங்கள். 36 இஞ்ச் அகலத் துணியில் அரைக்கைச் சட்டைக்கு 2 மீட்டர் போதும், கட்டம் பொருத்த இன்னும் கால் மீட்டர் வேண்டும். தைக்கும் முன் ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவையுங்கள். சுருங்குவதெல்லாம் அங்கேயே சுருங்கட்டும்.

கட்டிங்: தோள் ஒரு இஞ்ச் இறங்கி, உடம்பு பெட்டிபோல நேராக, நீளம் குறைவாக, மேல் பொத்தான் இல்லாத திறந்த காலர். நம் தாத்தாக்கள் ஸ்லாக் என்று போட்டார்களே, அதன் தம்பி. பொத்தான் பட்டியில் இடதும் வலதும் கட்டம் சேர வேண்டும். பாக்கெட்டிலும் சேர வேண்டும். சேர்க்கச் சோம்பல்படுகிற தையல்காரர் "பாக்கெட்டைக் கிராஸில் வெட்டிவிடலாம், ஃபேன்சியாக இருக்கும்" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஏப்ரல் 5

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தம்பி ஏற்கெனவே தைத்து வைத்திருந்த மெட்ராஸ் செக் சட்டையை எடுத்துப் போட்டிருக்கிறார். அவருடைய அம்மா பார்த்துவிட்டு, "ஏண்டா, கைலியைக் கிழிச்சா சட்டை தைச்ச?" என்று கேட்டாராம்.

இதற்குப் பதில் இல்லை. கேட்கத்தான் செய்வார்கள், ஏனென்றால் அது கைலிதான். இடம் மாறினால்தான் அதற்கு மவுசு. பெரிய கட்டமும் நீலம்-பச்சையும் கைலியை உடனே நினைவுபடுத்தும். சின்னக் கட்டம், அரக்கு, மஞ்சள், இண்டிகோ என்று போனால் அம்மாக்களிடமிருந்து ஓரளவு தப்பிக்கலாம். கீழே மட்டும் கட்டம் போட்ட எதையும் போட்டுவிடாதீர்கள். வெறும் காக்கிப் பேண்ட் போதும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். இன்றைக்கு எல்லோரும் வேட்டிப் படம் போடுகிறீர்கள், அதனால் வேட்டி.

என் கணக்கு உதைக்கிற ஒரே இடம் இது. வேட்டியில் கட்டிங்கே கிடையாது. நாலு முழமோ எட்டு முழமோ, தறியிலிருந்து வந்த மாதிரியே இடுப்புக்கு வருகிறது. அதனால் புதுசு முழுக்க மேலே இருக்க வேண்டும். கரைக்கு மேட்சாகச் சட்டையும் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். அதைப் போட்டால் மாநாட்டுக்கு லாரி ஏறப்போகிறவர் மாதிரி இருக்கும். மெல்லிய கரை வேட்டிக்குக் கறுப்பு லினன் சட்டை, கையை மடித்துவிட்டு. இல்லையென்றால் காலர் இல்லாத பட்டைக் கழுத்துச் சட்டை, கரும்பச்சையோ செங்கல் நிறமோ. கல்லூரிப் பையன்கள் கனத்த கறுப்பு டி-ஷர்ட்டோடும் கட்டுகிறார்கள், நன்றாகவே இருக்கிறது.

ஒட்டிக்கிற வேட்டி கட்டுவதை யாராவது கிண்டல் செய்தால் கண்டுகொள்ளாதீர்கள். செல்போன் வைக்க அதில் பாக்கெட் இருக்கிறது, அந்த ஒரு காரணமே போதும்.

வேட்டிக்குக் கீழே வெள்ளை ஸ்னீக்கர் இப்போது பெரிய மோகம். படத்துக்கு அழகுதான். ஆனால் கல்யாண மண்டபத்தில் மேடைக்கு ஏறும்போது கழற்ற வேண்டும், இறங்கினால் மாட்ட வேண்டும், கோயிலுக்கு அழைத்தால் மறுபடியும் கழற்ற வேண்டும். வேட்டியோடு குனிந்து லேஸ் கட்டும் காட்சியை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. தோல் செருப்பு போட்டுப் போங்கள்.

வேட்டியைப் பழங்கால உடை என்று ஒருவர் எழுதியிருந்தார். 2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில் வேட்டி கட்டி வந்தார் என்று உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் அதற்கென்று சட்டம் போட்டார்கள். சட்டம் போட்டுக் காப்பாற்றுகிற அளவுக்கு நிகழ்காலத்தில் இருக்கிறது வேட்டி. உண்மையில் அங்கே பழசாகிப்போனது கிளப்பின் விதிதான்.

ஏப்ரல் 17

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் தாத்தாவுக்கு இருப்பது ஒரே போட்டோ. அதில் அவர் மேல் சட்டை இல்லை. துண்டு இருக்கிறது, தோளில் இல்லை, இடுப்பில். நீங்கள் எந்தப் பழைய ஸ்டைலைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறீர்கள்?"

இதைத் தாண்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக மனம் வரவில்லை. நாம் விண்டேஜ் என்று கொஞ்சிக்கொண்டிருப்பது சட்டை போட முடிந்தவர்களின் பழசு. தோளில் துண்டு போடும் உரிமைகூட எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. 1921 செப்டம்பரில் காந்தி மதுரையில் வைத்துத்தான் மேலாடையை விட்டு அரையாடைக்கு மாறினார். அம்பேத்கர் கோட்டும் சூட்டும் டையுமாகவே நின்றார், ஊர் ஊருக்குச் சிலைகளிலும் அப்படியே நிற்கிறார். ரெண்டு பேருமே உடையால்தான் பேசினார்கள். ஆனால் கழற்றுவதற்கு முதலில் ஒன்று உடம்பில் இருந்திருக்க வேண்டுமே.

அவருக்கு நான் தனியாக எழுதிக் கேட்டேன், உங்கள் வீட்டில் முதன்முதலாகத் தைத்துப் போட்டவர் யார் என்று. அப்பாவாம். ஆசிரியர் வேலை நேர்காணலுக்காக 83இல் தைத்த சாம்பல் நிறப் பேண்ட்டும் வெளிர்நீல முழுக்கைச் சட்டையும். இப்போதும் முக்கியமான நாட்களில் அதே ரெண்டு நிறத்தைத்தான் போடுவாராம். அந்தச் சாம்பல்-நீலத்தை நீங்களும் எடுத்துக்கொள்ளலாமே என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

மே 6

வெயில் 40ஐத் தாண்டிவிட்டது. ஆகவே டெரிலின் பற்றி.

1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த இழை. கசங்காது, இஸ்திரி வேண்டாம், சீக்கிரம் காயும். இங்கே வந்தபோது அது அந்தஸ்து. பர்மா பஜாரில் வாங்கிய வெளிநாட்டுத் துணி என்றால் அப்பாக்கள் அதை மடிக்கும் விதமே தனி. ஆனால் பாலியெஸ்டர் இழை காற்றிலிருந்து பிடித்து வைக்கும் ஈரம் அதன் எடையில் 0.4 சதவீதம், பருத்தி ஏறக்குறைய 8 சதவீதம். வேர்வை எங்கே போகும்? உடம்பிலேயே ஓடும். மே மாதம் மதியம் 70களின் சட்டையைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்று பாருங்கள், அந்தத் தலைமுறையின் கோபத்துக்கெல்லாம் காரணம் புரியும்.

முதல் நாள் எழுதிய கணக்கில் 'கட்டிங் பழசு, துணி புதுசு' என்பதை நான் அழுத்திச் சொன்னது பாதி அழகுக்காக, பாதி இதற்காக. வெளிநாட்டுக்காரன் பழைய சட்டையையே போடச் சொல்வான். அவன் ஊரில் பழைய சட்டை என்றால் கம்பளியும் பருத்தியும். நம் பரணில் இருப்பது வேறு.

சஃபாரிக்கும் இதேதான். 1968இல் ஈவ் செயின்ட் லாரன்ட் என்ற வடிவமைப்பாளர் பாரிஸில் பெண்களுக்காக அதை ஃபேஷனாக்கினார். நம் ஊரில் அதிகாரிகளும் காண்ட்ராக்டர்களும் போட்டார்கள், அப்புறம் அது பாடிகார்டு, செக்யூரிட்டி யூனிபார்ம் என்று இறங்கிவிட்டது. மேலும் கீழும் ஒரே துணி என்பதால்தான் அந்த யூனிபார்ம் களை. நாலு பாக்கெட் வைத்த மேல்சட்டையை மட்டும் எடுத்து, இடுப்புப் பட்டி இல்லாமல், ஆலிவ் நிறக் காட்டன் டிரில்லில் தைத்து, டி-ஷர்ட் மேல் திறந்து போடுங்கள். ஓவர்ஷர்ட் என்று இதைத்தான் கடையில் மூவாயிரத்துக்கு விற்கிறார்கள்.

மே 19

எச்எம்டி வாட்ச் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கியது. ஜனதா மாடல் அப்பாக்களின் கைக்கடிகாரம், தினமும் சாவி கொடுக்க வேண்டும், 17 ஜுவல். டயல் சின்னது, 35 மில்லிமீட்டர்தான். கையில் தட்டு மாதிரி கட்டிக்கொண்டிருந்த காலம் போய் இப்போது சின்ன வாட்ச் திரும்ப வந்திருப்பதால் அது இன்றைக்கே செய்த மாதிரி இருக்கிறது. எஃகுச் சங்கிலியைக் கழற்றிவிட்டுத் தோல் வார் போடுங்கள், சரியாகிவிடும்.

ஆன்லைனில் மயில்நீலம், ஆரஞ்சு என்று பளபளக்கும் டயலோடு வருபவை பெரும்பாலும் பழைய டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, நாலு வாட்சின் உதிரியை ஒன்றாகக் கோத்தவை. எழுத்து ஓரங்கள் கரடாக இருக்கிறதா, கோடுகள் முள்ளோடு நேராக நிற்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். 2016இல் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்த பிறகு விலை ஏறியது, ஏமாற்றும் ஏறியது. வாங்கும் முன் சொந்தக்காரர்களின் மேஜை டிராயரைக் கிளறிப் பாருங்கள். சித்தப்பா பெரியப்பாக்களிடம் நின்றுபோன ஜனதா ஒன்று கட்டாயம் இருக்கும்.

ஜூன் 8

என் பிழைப்பைப் பற்றியே ஒருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார், "உங்கள் கம்பெனியும் விண்டேஜ் டி-ஷர்ட் செய்கிறதா?" என்று.

செய்கிறோம். புதுத் துணியை எடுத்து பிக்மெண்ட் டை போட்டு, என்சைம் வாஷில் ஓரங்களை வெளுக்கவைத்து, நெஞ்சில் கிராக் பிரிண்ட் அடிக்கிறோம். காய்ந்ததும் இழுத்தால் படம் சுக்குச் சுக்காக வெடிக்கும், இருபது வருஷம் துவைத்த மாதிரி. வெடிப்பு போதவில்லை என்று சாம்பிளைத் திருப்பி அனுப்புகிற பையர் உண்டு. அதே கட்டடத்தில் இன்னொரு மேஜையில் பிரிண்ட் லேசாக வெடித்திருக்கிறது என்று ரிஜெக்ட் போடுகிறோம். ரெண்டு மேஜைக்கும் நடுவில் நின்று டீ குடிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

அதைப் போடலாமா? தாராளமாக. ஆனால் அதை என் கணக்கில் பழசு என்று எண்ணாதீர்கள். கட்டிங்கும் புதுசு, துணியும் புதுசு, வயசு மட்டும் பொய். அதன் பக்கத்தில் நிஜமான பழசு ஒன்று இருக்கட்டும், அப்பாவின் வாட்சோ பெல்ட்டோ.

ஜூன் 22

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து படம் போட்டிருக்கிறார். காலர் அப்பாவுடையது, துணி கூட்டுறவுக் கடையில் வாங்கிய வெளிர்பச்சைக் கைத்தறி, கீழே 18 இஞ்ச் பாட்டத்தில் பழுப்பு நிற பிளீட் பேண்ட். நன்றாக இருக்கிறது. மூணு திருத்தம் மட்டும். பெல்ட் பக்கிள் பெரியது, சின்னதாக்குங்கள், முடிந்தால் பெல்ட்டே வேண்டாம், இடுப்புப் பட்டி ஓரத்தில் கொக்கி வைத்துத் தைத்துவிடலாம். பேண்ட் பாக்கெட்டில் பர்ஸ், போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் திணித்திருக்கிறீர்கள், பிளீட் வாயைப் பிளந்து நிற்கிறது. அப்புறம் சட்டைப் பாக்கெட்டில் பேனா. பேனாவை விட்டுவிடுவோம், அது உங்கள் அப்பாவின் ஸ்டைல் என்று தெரிகிறது.

பெல்பாட்டத்தை எப்போதுதான் வெளியே எடுப்பது என்று கேட்கிறார். முட்டிக்குக் கீழே விரிவதை விட்டுவிடுங்கள், தொடையும் இடுப்பும் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் போட்டுப் பாருங்கள். அந்த மேல் பாதிக்கு இணையான கட்டிங்கை இன்றைய ரெடிமேட்டில் நான் பார்க்கவில்லை. அதை அளவாகக் கொடுத்து, முட்டியிலிருந்து நேராக இறக்கச் சொல்லுங்கள்.

ஜூலை 3

ஆவணி நெருங்குகிறது, ரிசப்ஷன் கோட்டுக் கேள்விகள் வர ஆரம்பித்துவிட்டன. என் கட்சி தெரிந்ததுதான்: பட்டு வேட்டியில் காலை முடிந்தால் மாலைக்கும் வேட்டியே கட்டலாம். பெண் வீட்டார் கோட்டுதான் வேண்டும் என்றால், டபுள் பிரெஸ்ட் பழைய அழகுதான், ஆனால் முன்னால் துணி ரெண்டு அடுக்கு, நம் மண்டபத்து ஏசி அதைத் தாங்காது. ஒற்றைப் பட்டி, காலர் மடிப்பு மட்டும் 70களைப் போலச் சற்று அகலமாக, முதுகுப் பக்கம் பாதி லைனிங். பேண்ட் உயர இடுப்பு, அதைத்தான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டை வேண்டாம், திறந்த கழுத்து போதும், மாலை போட்டால் எப்படியும் எதுவும் தெரியாது.

கடைசிப் பொத்தானைப் போடாதீர்கள். இடது கை மணிக்கட்டுக்கு மேலே கம்பெனி பெயர் போட்ட ஒரு லேபிள் தைத்திருக்கும், அது விற்கும் வரைக்கும்தான். நாலு மூலையிலும் ஒவ்வொரு தையல்தான் இருக்கும், சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு மேடையேறுங்கள். நான் போகிற கல்யாணங்களில் பாதி மாப்பிள்ளைகள் அந்த லேபிளோடுதான் ஆல்பத்தில் நிற்கிறார்கள்.